ஜாய்ஸ்டிக் வாங்கும்போது கடலோர ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டர் விமான விளையாட்டில் எந்த விமானத்தை ஓட்டப்போகிறோம் என்று முடிவு செய்யாமலே கடைக்குப் போவதுதான் முதல் தவறு. புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுதளம் சுமார் 1500 மீட்டர்தான் என்பதால் அங்கே ஏடிஆர் 72 போன்ற புரொப்பெல்லர் விமானங்கள் வருகின்றன. அதன் விமானி பிடிப்பது யோக் எனப்படும் இரு கைப்பிடி. ஏர்பஸ் ஏ320-இல் பக்கவாட்டில் ஒரு குச்சி, அதாவது சைடுஸ்டிக். யோக் உள்ள சிறு விமானமான செஸ்னா 172-ஐ ஜாய்ஸ்டிக்கிலும் தாராளமாக ஓட்டலாம். போர் விமானத்தை யோக்கில் ஓட்டுவது சரிப்பட்டு வராது. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜாய்ஸ்டிக்கில் தொடங்குவதே நல்லது.

அடுத்த தவறு, பட்டன்களை எண்ணி வாங்குவது. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சென்சாரை. கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு இதை அழுத்தியே சொல்வேன். மலிவான குச்சிகள் பலவற்றில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ஒரு கார்பன் தடத்தின் மேல் சிறு உலோக முனை உரசிக்கொண்டே போய்தான் குச்சியின் நிலையைச் சொல்கிறது. உரச உரசத் தடம் தேயும், தூசி சேரும், உப்புக் காற்றும் ஈரமும் உலோகத்தை அரிக்கும். அப்புறம் கையை எடுத்த பிறகும் விமானம் ஒரு பக்கம் சாயும், மூக்கு திடீரென்று துள்ளும். பலர் விளையாட்டின் அமைப்புகளில் டெட் ஸோனை, அதாவது நடுவில் குச்சி சற்று அசைந்தாலும் கணக்கில் எடுக்காத பகுதியை, கூட்டி இதை மறைக்கிறார்கள். துள்ளல் மறையலாம், ஆனால் இறங்கும்போது தேவைப்படும் நுண்ணிய அசைவும் சேர்ந்தே போய்விடும்.

ஹால் சென்சாரில் காந்தப்புலத்தை அளப்பதால் உரசல் கிடையாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இந்த வகைதான். ஆனால் கவனியுங்கள்: அதில் ஹால் சென்சார் இருப்பது முன்பின், இடவல அசைவுகளுக்கு மட்டும், குச்சியைத் திருகும் அச்சுக்குப் பொட்டென்ஷியோமீட்டர்தான். எனவே பெட்டியில் "ஹால்" என்று போட்டிருந்தால் எந்தெந்த அச்சுக்கு, அதாவது எந்தெந்தத் திசை அசைவுக்கு, என்று கேளுங்கள். இதே குச்சியை இடது கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஏ320-இல் கேப்டன் இடது கையால்தான் ஓட்டுகிறார் என்பதால், வலது கைக்காரர்களும் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். எந்தக் குச்சியானாலும் விளையாடி முடித்ததும் துணியால் மூடி வையுங்கள், கடல் பக்கத்து ஜன்னலோரத்தில் வேண்டாம்.

மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையான ரட்டரை மறந்துவிடுவதும் உண்டு. செஸ்னா ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது புரொப்பெல்லரின் சுழற்சியால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும்; வலது ரட்டர் கொடுக்காவிட்டால் புல்வெளிக்குப் போய்விடுவீர்கள். இதற்குத் திருகும் குச்சி இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். ரட்டரைக் காலால் இயக்கும் பெடல் வாங்குகிறவர்கள் தரையைப் பார்ப்பதில்லை. மொசைக்கிலும் டைல்ஸிலும் அழுத்திய அழுத்தில் பெடல் முன்னே போகும், சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலி பின்னே போகும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, பெடலையும் நாற்காலியையும் ஒரு பட்டையால் இணைத்தால் தீர்ந்தது.

மேசையும் முக்கியம். கம்ப்யூட்டர் மேசையின் இழுவைத் தட்டில் குச்சியை வைத்தால் தட்டும் சேர்ந்து ஆடும். எடை குறைந்த அடிப்பாகம் தூக்கிக்கொள்ளும். முழங்கை தொங்காத உயரத்தில், அசையாத பலகையில் பொருத்துங்கள்.

தனித்தனியாகக் குச்சி, த்ராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்), பெடல் எல்லாம் செருகிய பிறகு விமானம் தாறுமாறாகப் போனால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். டிசிஎஸ் வேர்ல்டு போன்ற விளையாட்டுகள் புதிதாகச் செருகும் ஒவ்வொன்றுக்கும் தாமாகவே அச்சுகளை ஒதுக்கிவிடும்; ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் சண்டை போடும். விளையாட்டின் அமைப்புகளில் வேண்டாத ஒதுக்கீட்டை நீக்குங்கள்.

பழையதை வாங்குவதானால் லேப்டாப்போடு போங்கள். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையைத் திறந்து, குச்சியை மெதுவாக வட்டமடியுங்கள். திரையில் குறி தாவாமல் நகர வேண்டும். விட்டதும் நடுவுக்கே திரும்பி நிலைக்க வேண்டும். திருகும் அச்சையும் த்ராட்டிலையும் தனித்தனியாகப் பாருங்கள். குறி நடுங்கினால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.