ரிமாண்டின் முதல் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்றங்களில் இளம் வழக்கறிஞர்களுக்கு ஜாமீன் மனு எழுதக் கற்றுக்கொடுக்க மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கைதானவரின் உடம்பைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்கள் குறைவு. வக்காலத்தில் கையெழுத்து விட்டுப்போவது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எழுதவில்லை.

காயத்தைப் பதிவு செய்யாமல் விடுவது

கைதான 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தப்படுபவரிடம், போலீசார் அடித்தார்களா என்று நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) கேட்பார். அழைத்து வந்த காவலர் பக்கத்திலேயே நிற்கும்போது "இல்லைங்க ஐயா" என்றுதான் பதில் வரும். பாலக்கோடு பக்கத்து இளைஞர் ஒருவர் அப்படிச் சொன்னபோது, உள்ளங்கால் வீக்கத்தால் பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி நின்றார். அவருடைய இளம் வழக்கறிஞர் ஜாமீன் மனு எப்போது விசாரணைக்கு வரும் என்பதை மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு அடித்ததாகப் புகார் கொடுத்தபோது வீக்கம் வடிந்திருந்தது. மருத்துவச் சான்றில் "வெளிக்காயம் இல்லை" என்ற ஒரே வரி இருந்தது. பின்யோசனையில் எழுந்த புகார் என்று அது தள்ளப்பட்டது. சாத்தான்குளத்தில் கைதாகி, 2020 ஜூனில் காயங்களோடு கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட தந்தையும் மகனும் இறந்துபோன பிறகும் இந்த அலட்சியம் தொடர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீதிமன்றக் காவல் நீட்டிப்பைக் காணொலி வழியாகவே செய்துவிடலாம் என்பதால், நடுவர் காயத்தை நேரில் பார்க்க முதல் நாளை விட்டால் வேறு வாய்ப்பு அமையாமலே போகலாம். ஆகவே காவலரை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்கும்படி நடுவரிடம் கோருங்கள். காயம் எங்கே, எப்போது ஏற்பட்டது என்பதை காவலில் வைக்கும் ரிமாண்ட் உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவுப்படி, கைதானவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் காயங்களையும் அவை ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் குறிக்க வேண்டும். அதன் நகலைக் கைதானவருக்கோ அவர் சுட்டுகிறவருக்கோ கொடுக்க வேண்டும். அந்த நகலைக் கையில் வாங்காமல் சேலம் மத்திய சிறைக்கு வண்டி ஏற விடாதீர்கள். சிறையில் சேர்க்கும்போது நடக்கும் பரிசோதனையிலும் அதே காயங்களைக் காட்டச் சொல்லி அனுப்புங்கள்.

சீருடை

தண்டிக்கப்படாதவர் சிறையில் சீருடை இல்லாமல் தம் சொந்த உடையை அணியலாம். குடும்பத்தாரிடம் முதல் நாளே இதைச் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று காத்திருப்பது

காவலில் இருப்பவர் இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. சட்ட உதவி எண்ணான 15100க்கு அழைத்தால் போதும்.

நாள் கணக்கு

குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய, வழக்கின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் கெடு உண்டு; அதற்குள் வராவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். இந்தக் கெடுவை, ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது. கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் அன்றே ஜாமீன் மனு போடுங்கள்; குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் அந்த ஜாமீன் உரிமை போய்விடும்.