குறைந்த விலையில் பெண்கள் வாட்ச்: பலரும் செய்யும் தவறுகள்

நீள்சதுர முகம், ரோமன் எண்கள், பக்கவாட்டில் சாவி கொடுக்கும் திருகின் நுனியில் ஒரு நீல நிறக் கல். கார்டியே டேங்க் வாட்ச்சின் இந்த வடிவம் 1917-இல் உருவானது. ரோலெக்ஸ் லேடி டேட்ஜஸ்ட் போல இதுவும் லட்சங்களில் விலை போகிறது. அந்த அழகில் கொஞ்சத்தை இரண்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் தேடுவது நியாயமான ஆசைதான். ஆனால் பெரும்பாலோர் டயலைப் பார்த்த கையோடு பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வாட்ச் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது அதன் முதுகில் எழுதியிருக்கிறது.

முதலில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’. பெயர் எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும் அது போலிதான். வணிகக் குறிகள் சட்டம், 1999-இன்படி அதை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வாங்கியவருக்கு வேறு வகை நஷ்டம். உள்ளே என்ன மெஷின் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கம்பெனி சர்வீஸ் சென்டர் கையில் வாங்காது, தெருமுனை வாட்ச் கடையிலும் பாகம் கிடைக்காது. அதற்குக் கொடுக்கும் நாலாயிரத்தில் டைட்டன், கேஸியோ, டைமெக்ஸ் என்று சொந்தப் பெயரோடு வருகிற வாட்ச் கிடைக்கும். டேங்க் சாயல்தான் வேண்டும் என்றால் கேஸியோவின் எல்டிபி-வி007 மாதிரி நீள்சதுர மாடல்கள் இருக்கின்றன. ஒரு வடிவத்தின் சாயல் வேறு, அடுத்தவர் பெயரைப் பொறித்து விற்பது வேறு.

அடுத்தது உலோகம். அதிகம் ஏமாறும் இடம் இதுதான். வாட்ச்சைத் திருப்பி, பின்மூடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் மூடி மட்டும்தான் ஸ்டீல். மற்றது பித்தளை அல்லது துத்தநாகக் கலவை, மேலே முலாம். ‘ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றிருந்தால் முழு உடலும் ஸ்டீல். ஒரே பிராண்டிலேயே இரண்டு வகையும் வரும் என்பதால் மாடல் மாடலாகத்தான் பார்க்க வேண்டும். முலாம் வாட்ச் நம் ஊர் வியர்வையில் கவரிங் நகை போலவே நடந்துகொள்ளும். முதலில் ஸ்ட்ராப் உரசும் உள்விளிம்பு மங்கும், பிறகு மணிக்கட்டில் படும் அடிப்பக்கம். முலாமுக்கு அடியில் நிக்கல் இருந்தால், சிலருக்கு அந்த இடம் சிவந்து அரிக்கும். கவரிங் தோடு ஒத்துக்கொள்ளாதவர்கள் 316எல் ஸ்டீல் அல்லது டைட்டானியம் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம். தங்கமும் வெள்ளியும் கலந்த டூ-டோன் செயினில் முதலில் போவது நடுக் கண்ணிகளின் தங்க நிறம். பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் முழு ஸ்டீல் நிறமே நல்லது. தங்க நிறம் கட்டாயம் வேண்டும் என்றால் ‘ஐபி’ அல்லது ‘பிவிடி’ பூச்சு என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள்; சாதாரண முலாமை விட அது அதிக நாள் நிற்கும்.

‘30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரையும் சாரலையும் தாங்கும், அவ்வளவே. பாத்திரம் துலக்குவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் வாட்ச்சோடுதான் என்றால் 50 மீட்டர் வேண்டும், நீச்சலுக்கு 100. வெந்நீரும் சோப்பும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுப்பதால், எந்த வாட்ச்சையும் குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். கண்ணாடிக்குள் பனி படர்ந்தால் அரிசியில் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே கடையில் மூடியைத் திறந்து உலர்த்த வேண்டும். தாமதித்தால் முள்ளும் சர்க்யூட்டும் துருப்பிடிக்கும்.

செல்லில் ஓடும் குவார்ட்ஸ் மலிவு, கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்தான் ‘நிஜ’ வாட்ச் என்ற எண்ணமும் தவறு. கார்டியேவின் பாந்தேர் வாட்ச்சே குவார்ட்ஸ்தான். சாதாரண ஜப்பான் குவார்ட்ஸ் மெஷின் மாதத்துக்கு 20 வினாடி முன்பின் ஓடும். மலிவு ஆட்டோமேட்டிக் ஒரே நாளில் அவ்வளவு விலகும், சர்வீஸ் செலவும் கூட. செல் மாற்ற அலுப்பாக இருந்தால் சிட்டிசன் ஈகோ-டிரைவ் போல வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் வாட்ச் வாங்கலாம். பட்டுப்புடவையோடு பீரோவில் பூட்டி வைத்தால் மட்டும் அது களைத்துவிடும். வினாடி முள் இரண்டிரண்டு வினாடியாகத் தாவினால் சார்ஜ் குறைந்திருக்கிறது, ஜன்னலோரம் வையுங்கள்.

செல் மாற்றும்போது கண்ணெதிரே மாற்றச் சொல்லுங்கள். பல சிறிய வாட்ச்களுக்கு வருவது எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்ற சில்வர் ஆக்சைடு செல். அதே அளவில் எல்ஆர்626 என்ற அல்கலைன் செல்லும் உண்டு, விலை குறைவு. பெயரின் முதல் ஆங்கில எழுத்து ‘எஸ்’தானா என்று பாருங்கள். அல்கலைனில் மின்னழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும், சீக்கிரம் தீரும், கசியவும் வாய்ப்பு அதிகம். நின்றுபோன வாட்ச்சுக்குள் எந்தச் செல்லையும் மாதக்கணக்கில் விடாதீர்கள். கசிந்த உப்பு சர்க்யூட்டை அரித்தால், வாட்ச்சின் விலையில் பாதி ரிப்பேருக்கே போகும்.

அளவில் ஆன்லைன் படம் ஏமாற்றும். மணிக்கட்டைச் சுற்றி நூல் வைத்து அளந்து பாருங்கள். 14, 15 செ.மீ. கைக்கு 26 முதல் 32 மி.மீ. வட்ட டயல் பொருந்தும். அதே அளவுச் சதுரம் பெரிதாகத் தெரியும். ஸ்ட்ராப் மாட்டும் மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை உள்ள நீளத்தைக் காகிதத்தில் வெட்டிக் கையில் வைத்துப் பார்த்தால், மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஸ்ட்ராப் அகலம் 12, 14 மி.மீ. என்றால் மாற்று ஸ்ட்ராப் எளிதில் கிடைக்கும். டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் போல உடலும் செயினும் ஒன்றாக இழையும் மாடல்களுக்குக் கடையில் தொங்கும் சாதாரண ஸ்ட்ராப் பொருந்தாது. செயினில் கண்ணி கழற்றும்போது உட்புறம் அம்புக்குறி இருக்கும். ஊசியை அந்தத் திசையில்தான் தள்ள வேண்டும். கொக்கியின் இரு பக்கமும் சமமாகக் கழற்றாவிட்டால் கொக்கி ஓரத்துக்குப் போய்விடும்.

70 சதவீதத் தள்ளுபடியை நம்பி வாங்க வேண்டாம். மற்ற கடைகளில் எந்த விலைக்குப் போகிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள். வெளிநாட்டு வாட்ச் என்றால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத வாட்ச்சுக்கு இங்கே வாரண்டி கிடைப்பது சிரமம்.

வாங்கிய மாதத்திலேயே வாட்ச் நின்று நின்று ஓடுகிறதா? கடைக்குப் போகும் முன், இரவில் அதை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஹேண்ட்பேக்கின் காந்தப் பொத்தான், ஸ்பீக்கர், போன் உறையின் காந்தம் ஆகியவற்றுக்கு ஒட்டினாற்போல் இருந்தால் குவார்ட்ஸ் மோட்டார் நின்றுவிடும். ஒரு சாண் தள்ளி வைத்தால் பழையபடி ஓடும்.