ப்ராசஸருக்கேற்ற லினக்ஸ் கெர்னல்: எங்கே கை வைக்க வேண்டும்?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை, ப்ராசஸரின் ரகத்தைத் தேர்ந்தெடுத்து நாமே கம்பைல் செய்தால் (சோர்ஸ் கோடை இயங்கும் வடிவத்துக்கு மாற்றினால்) அது பறக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் கிடைப்பது சொற்பம்தான். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான எக்ஸ்86 கெர்னல் பூட் ஆகும்போதே ப்ராசஸரில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்த்து, தன் கட்டளைகளில் சிலவற்றை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. பல எண்களை ஒரே வீச்சில் கையாளும் ஏவிஎக்ஸ் போன்ற வெக்டர் கட்டளைகளைக் கம்பைலர் தானாகச் சேர்க்கவும் விடுவதில்லை. சேர்த்தால் அவை பயன்படுத்தும் பெரிய ரெஜிஸ்டர்களை (ப்ராசஸருக்குள் இருக்கும் தற்காலிக நினைவிடங்களை) அடிக்கடி சேமித்து மீட்க வேண்டிவரும்.

டெர்மினலில் எல்எஸ்சிபியு கமாண்ட் கொடுத்து, ப்ராசஸரின் த்ரெட் (லினக்ஸ் தனி சிபியுவாக எண்ணுவது) எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடும் கெர்னலின் கான்ஃபிக் ஃபைலை சோர்ஸ் ஃபோல்டரில் டாட் கான்ஃபிக் என்ற பெயரில் வைத்து, மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கொடுங்கள். அந்த நேரத்தில் லோடாகியிருக்கும் மாட்யூல்கள் (தேவைப்படும்போது கெர்னலில் சேரும் டிரைவர் போன்ற துண்டுகள்) மட்டும் மிஞ்சும். கம்பைல் நேரம் வெகுவாகக் குறையும். அதற்கு முன்பே பென்டிரைவ், வெப்கேம், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள். விட்டுப்போனது புதிய கெர்னலில் வேலை செய்யாது.

அடுத்து, கெர்னல் அமைப்புகளை மெனுவில் மாற்ற மேக் மெனுகான்ஃபிக் கொடுங்கள். அதிகபட்ச சிபியு எண்ணிக்கை 8192 என்றிருந்தால், ஒவ்வொரு சிபியு மாஸ்க்கும் (சிபியுவுக்கு ஒரு பிட் வீதம் வைக்கும் பட்டியல்) 1 கிலோபைட் பிடிக்கும். 16 த்ரெட் கணினிக்கு 16 போதும். எண்ணை மாற்ற முடியவில்லையா? சிபியு எண்ணிக்கையை உச்சத்தில் பூட்டிவைக்கும் மேக்ஸ்எஸ்எம்பி தேர்வு இயங்குகிறது, முதலில் அதை அணையுங்கள். த்ரெட்டைவிடக் குறைத்துப் போட்டால் மீதி த்ரெட்டுகள் சும்மா கிடக்கும். கெர்னல் நொடிக்கு எத்தனை முறை துடிக்கும் என்பதைச் சொல்லும் டைமரை, ஆடியோ வேலைக்கு 1000 ஹெர்ட்ஸிலும் சர்வருக்கு 100 அல்லது 250லும் வையுங்கள்.

பெரிய கோர், சிறிய கோர் கலந்த ஆர்ம் சிப்பில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். எனர்ஜி மாடலையும் (எந்தக் கோர் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்ற கணக்கு) ஷெட்யூடில் கவர்னரையும் (ப்ராசஸரின் வேகத்தைத் தீர்மானிப்பது) இயக்குங்கள். பெர்ஃபார்மன்ஸ் கவர்னரில் விட்டுவிட்டால், மின்சாரத்தைக் கணக்கிட்டு வேலையைப் பிரிக்கும் ஷெட்யூலர் செயல்படாது.

கெர்னல் 6.16 முதல் எக்ஸ்86இல், கம்பைல் செய்யும் கணினியின் ப்ராசஸருக்கே ஏற்றபடி கம்பைல் செய்யும் நேட்டிவ் என்ற தேர்வும் உண்டு. கம்பைல் செய்த அதே கணினிக்கு மட்டும் அதைப் போடுங்கள். அதைவிடப் பழைய ப்ராசஸரில் இன்வாலிட் ஆப்கோட் (ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை) என்று நின்றுவிடலாம்.

மேக் கொடுத்துக் கம்பைல் முடிந்ததும் மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால், பிறகு மேக் இன்ஸ்டால் கொடுங்கள். பழைய கெர்னலை அழிக்கவே வேண்டாம். திரையில் 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' என்று வந்து உறைந்தால், டிஸ்க் டிரைவரோ ஃபைல்சிஸ்டமோ விடுபட்டிருக்கும், அல்லது பூட் ஆகும்போது டிரைவர்களைத் தரும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிக ஃபைல் தொகுப்பு உருவாகியிருக்காது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலுக்குள் போய், உங்கள் டிஸ்க் டிரைவர் (என்விஎம்இ போன்றது), ஃபைல்சிஸ்டம் (இஎக்ஸ்டி4 போன்றது) இரண்டையும் மாட்யூலாக விடாமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துத் திரும்பக் கம்பைல் செய்யுங்கள்.