இஞ்சின் பழுதான பழைய லோரியை வாங்கலாமா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் செம்பனைப் பழம் ஏற்றுவதற்குச் சிறிய லோரி தேடுகிறவர்களிடம், "இஞ்சின்ல மட்டும் கொஞ்சம் வேலை இருக்கு அண்ணே" என்று சொல்லி மலிவாக விற்க வருகிற வண்டிகளை, விலையைக் கேட்ட மகிழ்ச்சியில் உடனே வாங்கிவிடாதீர்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் இஞ்சின்மேல் கையை வைத்துப் பாருங்கள். ஏற்கனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது ஸ்டார்ட் ஆக மறுப்பதை மறைக்கிறார்களோ என்று ஐயப்படலாம். பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். தே தாரிக் நிறத்தில் நுரைத்த பசை ஒட்டியிருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயோடு கலந்திருக்கக்கூடும். பழுது ஹெட் கேஸ்கட்டோடு (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) முடியலாம், இஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டே விரிசல் விட்டும் இருக்கலாம், இஞ்சினைப் பிரிக்காமல் எந்த மெக்கானிக்காலும் உறுதியாகச் சொல்ல இயலாது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை மட்டும் என்றால் ஏர் பில்டரோ எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம்; அதை நான் பெரிய குறையாக எண்ணுவதில்லை.

ஆகவே, மிக மோசமான பழுதையே கணக்கில் வையுங்கள். 8,000 ரிங்கிட் வண்டிக்கு 9,000 ரிங்கிட் பழுதுச் செலவு வருமென்றால், நன்றாக ஓடும் அதே வகை லோரி 16,000 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது பழுதான வண்டியை வாங்குவதில் பொருளில்லை; பட்டறையில் நிற்கும் வாரங்களின் வருமானமும் போய்விடும். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் துருப்பிடித்திருந்தால் கணக்கே போட வேண்டாம், வண்டியை விட்டுவிடுங்கள்.

ஆப்-கட் இஞ்சின் (வெளிநாட்டுப் பழைய வண்டியிலிருந்து வெட்டி எடுத்து வந்த இஞ்சின்) மாற்றிய வண்டியாக இருந்தால், இஞ்சின் எண் வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்ட்டில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பொருந்தாத வண்டி பெயர் மாற்றப் பரிசோதனையில் சிக்கிக்கொள்ளும்.