குட்டி போட்ட குதிரையைப் பொலிக்கு விடப் பத்து நாள் பொறுங்கள்

பெட்டைக் குதிரை குட்டி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து, பத்தாம் நாளுக்கு முன்னால் பொலிக்கு, அதாவது ஆண் குதிரையோடு சேர, விடாதீர்கள். மேலூர், அலங்காநல்லூர் பக்கம் பந்தயக் குதிரை வளர்ப்பவர்களுக்குப் பொலிக்கூலியும் வண்டி வாடகையும் மிச்சம்.

ஈன்ற ஒரு வாரத்திலேயே குதிரைக்குப் பருவம் வந்துவிடும். வாலைத் தூக்கி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும். ஆனால் கர்ப்பப்பை அப்போது முழுதாகச் சுருங்கிச் சுத்தமாகியிருக்காது. கரு உருவானதும் நேரே கர்ப்பப்பைக்குப் போவதில்லை, கருக்குழாயில் ஐந்தாறு நாள் தங்கித்தான் இறங்கும். அதனால் பத்தாம் நாளுக்குப் பிறகு கருமுட்டை வெளியானால், கரு இறங்குவதற்குள் பை ஓரளவு தயாராகிவிடும். சினை நிற்க வாய்ப்பு அதிகம். பத்து நாளுக்குள் பருவம் அடங்கிவிட்டதா? சரி, அந்தப் பருவத்தைத் தவறவிட்டுவிடுங்கள். ஈன்றதிலிருந்து சுமார் 30 நாளில் அடுத்தது வரும். அவசரமென்றால் கால்நடை மருத்துவர் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டு அதைச் சில நாள் முன்னால் கொண்டுவருவார். அதை நீங்களே வாங்கிப் போட வேண்டாம். கர்ப்பிணிகள் அந்த மருந்தைத் தொடவே கூடாது.

பிரசவம் சிக்கலாகியிருந்தாலோ, நஞ்சுக்கொடி மூன்று மணி நேரத்துக்குள் விழாமல் இருந்தாலோ, சீழ் வடிந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. அந்த முதல் பருவத்தை அப்படியே விட்டுவிட்டு, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே பொலிக்கு விடுங்கள்.