செட்டிநாட்டுக் கல்லூரியில் பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ் வகுப்பு தொடங்க

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது மரபணுத் தரவைக் கம்ப்யூட்டரில் அலசும் வகுப்பு தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது சர்வர் விலையை. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

இது நான் ஆப்பிரிக்காவைப் பார்த்துக் கற்றது. துனிசியாவில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய் நிலைத்திருக்கிறது. அதை ஆராயும் துனிசு பாஸ்டர் நிறுவனம், எச்3ஏபயோநெட் என்ற ஆப்பிரிக்க பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ் வலையமைப்பில் ஓர் அங்கமாக இருந்தது. அந்த வலையமைப்பு 2016-ல் நடத்திய அறிமுக வகுப்பில் 10 நாடுகளில் 20 வகுப்பறைகள், 364 பேர். பாட வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைப்பார்கள். எல்லாரும் சேர்ந்து பார்ப்பார்கள், உள்ளூர் உதவியாசிரியர் கூடவே இருப்பார். நேரலை, கேள்வி பதிலுக்கு மட்டும். நெட் மெதுவாக இருக்கும் ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

அதையே செய்யுங்கள். வீடியோவைப் பென்டிரைவில் வையுங்கள். புதுவயல், பள்ளத்தூர் பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும், அதனால் மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள்.

முதல் பயிற்சிக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், காகிதமும் பேனாவும் போதும். ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் கொரோனா வைரஸ் மரபணுத்தொகுதி, என்சிபிஐ என்ற அமெரிக்க அரசு மரபணுத் தரவுத் தளத்தில் இலவசம், அதை நீங்கள் அச்செடுத்து வையுங்கள். ஏ, சி, ஜி, டி என்று எழுதும் மரபணு எழுத்துகள் மொத்தம் 29,903. வைரஸின் மேல் முள்ளாக நிற்கும் புரதத்துக்கான ஸ்பைக் மரபணு 21,563-ஆம் எழுத்தில் தொடங்கி 25,384-ல் முடிகிறது. எத்தனை எழுத்து என்று கேளுங்கள். பாதிப் பேர் 3,821 என்பார்கள். தொடக்க எழுத்தையும் சேர்த்து எண்ணினால் 3,822. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம், அதனால் மூன்றால் வகுத்தால் 1,274. கடைசி மூன்றெழுத்து நிறுத்தக்குறி, ஆகவே புரதத்தில் 1,273 அமினோ அமிலங்கள். அப்புறம் 23,403-ஆம் இடத்தில் ஏ எழுத்தை ஜி ஆக்கச் சொல்லுங்கள். ஜிஏடி என்ற மூன்றெழுத்து ஜிஜிடி ஆகும். புரதத்தின் 614-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் போய் கிளைசின் வரும். 2020-ல் உலகம் முழுக்கப் பரவிய டி614ஜி மாற்றம் இதுதான். இதைத் தன் கையால் கண்டுபிடித்த பிள்ளை பாடத்தை விட்டுப் போகாது.

அதற்குப் பிறகு கேலக்ஸி என்ற மரபணுத் தரவு அலசும் இணையத் தளம். பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது, கணக்கீடு அவர்கள் சர்வரில் நடக்கும். இங்கே கரண்ட் போனாலும் அங்கே வேலை நிற்காது. தரவு ஏற்றியதும் தரச் சோதனை செய்யாமல் அடுத்த படிக்கு யாரையும் விடாதீர்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கட்டளைகளை மெல்லப் பழக்கலாம், அவசரமில்லை.

கடைசியில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட். துனிசியாவுக்கு லீஷ்மேனியா போல நமக்குக் காசநோய். அதன் கிருமியின் தொகுதி 44 லட்சம் எழுத்து. சாதாரண லேப்டாப்பே தாங்கும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அடங்காத கிருமிகளில் ஆர்பிஓபி மரபணு எங்கே மாறியிருக்கிறது என்று தேடட்டும்.

வகுப்பு முடியும்போது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்து வையுங்கள். முதல் மதிப்பெண் எடுத்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த வருடத்து உதவியாசிரியர்கள் அவர்கள்தான். சிறு தொகையாவது சம்பளமாகக் கொடுக்க நிர்வாகத்திடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.