பவளப்பாறை மீனின் ஆதார மரபணுத்தொகுதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இனத்தின் முழு டி.என்.ஏ. வரிசையையும் வாசித்து, மற்ற ஆய்வுகளுக்கு அடிப்படையாகத் தொகுத்து வைப்பதே ஆதார மரபணுத்தொகுதி. அதைத் தயாரிக்கும்போது, குழாயில் பெயர் எழுத மறப்பது போன்று நேரும் பிழைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை ஒரு வாரத்தில் தாமாகத் திருந்திவிடும். சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழையையே, நான் சொன்ன அதே நியாயத்தைச் சொல்லி, புதியவர்கள் மீண்டும் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

பல மீன்களை ஒரே குழாயில் கலப்பது

பாறை இடுக்குகளில் வாழும் கோபி மீன்கள் சில, விரல் நீளம்கூட இருக்கமாட்டா. ஒரு மீனில் கிடைத்த டி.என்.ஏ. போதவில்லை என்பதால் மூன்று மீன்களின் திசுவைச் சேர்த்து அனுப்பினேன்; எல்லாம் ஒரே இனம்தானே என்பது என் வாதம். ஆனால் ஒரு மீனில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு படிகள் உண்டு. மூன்று மீன்களில் ஆறு. பவளப்பாறை மீன்கள் பலவற்றின் இளவுயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து பரவுவதாலும், அவற்றின் இனத்தொகை பெரிதாக இருப்பதாலும், ஒரே திட்டில் பிடித்த இரு மீன்களுக்கிடையேகூட மரபு வேறுபாடு மிகுந்திருக்கும். வாசித்த டி.என்.ஏ. துண்டுகளை இணைத்துத் தொகுக்கும் மென்பொருள் அந்த வேறுபாடுகளை மரபணுத்தொகுதியின் வெவ்வேறு இடங்கள் என்று எண்ணி, ஒரே மரபணுவை இரண்டு மூன்று முறை எழுதிவைத்தது.

2018இல் வெளியான ஆரஞ்சுக் கோமாளி மீனின் தொகுதி 24 குரோமோசோம்களில் ஏறத்தாழ 90 கோடி கார இணைகளை (டி.என்.ஏ.வின் எழுத்துகளை) கொண்டது. என் தொகுதி அதைவிட வெகுவாகப் பெருத்திருந்தபோது, அதை என் மீனின் சிறப்பு என்று சில நாட்கள் நம்பியதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மிகைப் படிகளை நீக்கும் நிரல்கள் பெரும்பாலும் ஒரு மீனின் இரண்டு படிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆறு படிகளின் குழப்பத்தை அவற்றால் தீர்க்க முடியவில்லை. வரிசைப்படுத்தச் செலவழித்த பணம் முழுவதும் வீணாயிற்று.

மிகக் குறைந்த டி.என்.ஏ.விலிருந்தே நீள்வாசிப்பு நூலகம் (நீண்ட துண்டுகளாக வாசிப்பதற்கான டி.என்.ஏ. மாதிரி) தயாரிக்கும் முறைகள் இப்போது உள்ளன. அதற்கும் போதாதெனில், அதே இனத்தில் பெரிய மீன் ஒன்று கிடைக்கும்வரை காத்திருங்கள்.

அதே மீனின் திசுவை மிச்சம் வைக்காதது

துண்டுகளைக் குரோமோசோம்களாகக் கோக்க உதவும் ஹை-சி முறைக்குச் சிதையாத உட்கருக்கள் தேவை. மரபணுக்களை அடையாளம் காணப் பல உறுப்புகளின் ஆர்.என்.ஏ. தேவை. ஆகவே பிடித்த உடனேயே திசுக்களைத் தனித்தனியாக வெட்டி, திரவ நைட்ரஜனில் உறையவையுங்கள். மீனின் சிவப்பணுக்களில் உட்கரு இருப்பதால், சில துளி இரத்தமே நல்ல டி.என்.ஏ.வைத் தரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறை வெப்பத்தில் மாதக்கணக்காக எத்தனாலில் கிடந்த திசு

ஒரு சிறு டி.என்.ஏ. பகுதியைக் கொண்டு இனத்தை அடையாளம் காணும் பார்கோடிங்குக்குப் போதும். நீள்வாசிப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

என்50 மதிப்பை மட்டும் நம்புவது

தொகுதியின் துண்டுகள் எவ்வளவு நீளமானவை என்று காட்டும் எண் அது. துண்டுகளைத் தவறாக இணைத்தாலும் அந்த எண் உயரும்.